அஞ்சாம் நம்பர்ச் சப்பாத்து

பாதுகாப்புச் செலவுக்கு இந்த முறை இன்னும் கூடக் காசு ஒதுக்கிப் பாராளுமன்றம் வாக்களித்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னபோது, மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் முதலில் கை தட்டியவன் நான்தான். சும்மா தட்டவில்லை. சம்பல் வைத்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டு, மேசையிலும் அடித்தேன்.

காரணம் தேசபக்தி இல்லை. நாங்கள் விமான இறக்கைக்குள் பூட்டுகிற உலோகத் துண்டுகளுக்கு ஓட்டை போட்டு, அரம் பிடித்து, மினுக்கி அனுப்புகிறவர்கள். அந்த விமானம் யாருக்குப் போகிறது, எதைச் சுமக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் அரசாங்கம் படைக்குக் கையை விரித்துக் கொடுக்கிற வருசத்தில் எங்களுக்குச் சனிக்கிழமை வேலை வரும். கையை மூடுகிற வருசத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அதனால் மற்றவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல நாங்கள் வரவு செலவுத் திட்டம் பார்ப்போம்.

பக்கத்து மெஷினில் நிற்கிற அண்ணை, ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் போகமாட்டேன் என்று நிற்பவர், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"தம்பி, இனிச் சனிக்கிழமை வீட்டில நிக்கிற எண்ணத்தை விடு."

"வீட்டில நிண்டா மனுசி ஸ்னோ அள்ளத்தான் விடுவா அண்ணை. இது சுகம்."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு, அதே கிழமை மகள் போன் எடுத்தாள்.

என் மகள் படையில் இருக்கிறாள். இந்த வசனத்தைத் தொண்டையைச் செருமாமல் சொல்ல எனக்குக் கனகாலம் பிடித்தது. கோயிலில் யாராவது "பிள்ளை என்ன செய்யிறா?" என்று கேட்டால் "கவர்மென்ட் வேலை" என்பேன். விடாமல் தோண்டினால் "சுகாதாரப் பக்கம்" என்பேன். இரண்டும் பொய்யில்லை. அவள் படையில் மருத்துவ உதவியாளர்; காயக்காரருக்குக் கட்டுப் போடுகிறவள். ஆனாலும் பச்சை உடுப்பு பச்சை உடுப்புத்தானே. யாழ்ப்பாணத்தில் அந்த நிறத்தைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஒழுங்கைக்குள் பறந்த ஒருத்தன், மொன்றியலில் அதே நிறத்தைத் தன் வீட்டு மெஷினில் தோய்த்து, மடித்து வைப்பான் என்று எந்தச் சாத்திரியும் எனக்குச் சொன்னதில்லை. அவள் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் உண்ணாவிரதம் இருந்தேன். மத்தியானம் வரைக்கும்.

"அப்பா, தை மாசம் லத்வியா போறன். ஆறு மாசம்" என்றாள் போனில்.

"எங்கை?"

"லத்வியா. ரஷ்யாவுக்குப் பக்கத்தில."

"பக்கத்தில எண்டா எவ்வளவு பக்கத்தில?"

"அப்பா! எங்கட ஆக்கள் கனகாலமா அங்கை நிக்கினம். பயிற்சிதான். பயப்பிட ஒண்டுமில்லை. குளிர்தான் கொஞ்சம்..."

"குளிருக்கு என்ன? நீ மொன்றியலில பிறந்தனி. உனக்குக் குளிர் மச்சான் முறை."

பிறகு சொன்னாள்: "சப்பாத்து இல்லை அப்பா."

கடுங்குளிருக்கென்று படை கொடுக்கிற தடித்த சப்பாத்து இருக்கிறது. அவளுடைய கால் அஞ்சாம் நம்பர். தாய்க்கும் அதே கால்தான், பொம்மைக்குக் கட்டினது மாதிரி. முகாமின் பண்டகசாலையில் அந்த அளவு இல்லை. போன குளிர்காலப் பயிற்சியிலும் இருக்கவில்லை. அப்போது பெரிய அளவைப் போட்டுக்கொண்டு வடக்கே பனிக்குள் படுத்தெழும்பினதில், வலது காலின் சின்ன விரல்கள் இரண்டும் விறைத்து வெள்ளையாகிவிட்டன. ஆறிவிட்டது. ஆனால் ஒருமுறை விறைத்த விரல் இன்னொருமுறை விறைத்தால் பழையபடி உணர்ச்சி வரும் என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இவ்வளவையும் அவள் எனக்கு அன்றைக்குத்தான் சொன்னாள். அதுவும் தாய் குளிக்கப் போன நேரம் பார்த்து.

"இப்பத்தானே பிள்ளை பாராளுமன்றம் அள்ளிக் குடுத்தது? நான் கையெல்லாம் தட்டினனான்!"

அவள் சிரித்தாள். பிறகு, காயக்காரனுக்குக் கதை கொடுத்துக்கொண்டே ஊசி போடுகிற பொறுமையோடு எனக்கு விளங்கப்படுத்தினாள். படைக்குக் காசு வருசம் வருசமாகத்தான் வரும். சித்திரையில் தொடங்கிப் பங்குனியோடு முடியும். அதற்குள் செலவழியாதது பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். போன வருசம் யாரோ ஒரு நல்ல பெண் அதிகாரி, சின்னக் காலுக்குச் சப்பாத்து வேண்டுமென்று கேட்டிருக்கிறா. விலை கேட்டு, மூன்று கடைக்காரரை ஒப்பிட்டு, மேலே அனுப்பி, மேலே இருந்தவர் விடுமுறை முடிந்து வந்து கையெழுத்து வைப்பதற்குள் பங்குனி முடிந்துவிட்டது. காசு வீட்டுக்குப் போய்விட்டது. சித்திரையில் முதலாம் படியிலிருந்து திரும்ப ஏறியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கோரிக்கை எங்கேயோ வரிசையில் நிற்கிறதாம். அடுத்த வருசக் காசில் வரலாமாம்.

"அப்ப பங்குனியில மிஞ்சின காசு?"

"அதில எங்கட கிளினிக்குக்குப் புதுக் கதிரை வந்தது அப்பா. கதிரை கடையில ரெடியா இருக்கும், உடனை வாங்கலாம். நல்ல கதிரை, இருந்தா முதுகு நோகாது. சுத்தும்."

சுத்தும்!

அவளே சமாதானம் சொன்னாள். சம்பளம் கூட்டியிருக்கிறார்களாம், நல்லதுதானாம். ஆனால் முகாம் வீடுகளைத் திருத்த இன்னும் காசு வரவில்லை என்பதால், அவளுடைய சிநேகிதி ஒருத்தி கைக்குழந்தையோடு இவளுடைய சோபாவில் படுக்கிறாளாம். "எல்லாம் வரும் அப்பா. மெல்லமாத்தான் வரும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாராளுமன்ற மண்டபத்தில் எழும்பி நின்று படைவீரரைப் பற்றிப் பேசாத ஆள் உண்டா? இந்தக் கட்சியும் பேசும், அந்தக் கட்சியும் பேசும். 'எங்கள் ஆண்களும் பெண்களும்' என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கப்பலுக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு என்று சண்டை பிடிப்பார்கள். அந்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் கால் இருக்கிறது, அந்தக் காலுக்கு அளவு இருக்கிறது, அந்த அளவு எல்லாம் ஒன்றில்லை என்று ஒருவருக்கும் தெரியாதா? பனி பங்குனியோடு கணக்கை மூடிவிட்டுப் போகுமா? பெண்களையும் படைக்கு வாருங்கள், வாருங்கள் என்று மெட்ரோவுக்குள் பெரிய படம் ஒட்டிக் கூப்பிட்டவர்கள், வந்த பிள்ளைக்குச் சுத்துகிற கதிரையைக் கொடுத்துவிட்டுச் சப்பாத்தைப் பிறகு பார்ப்போம் என்பதா? அவர்கள் வாக்களித்த அந்தக் காசுச் சட்டத்தால் எனக்குச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒன்றரை மடங்கு சம்பளம். அவளுக்கு அதே சட்டத்தால் பெரிய சப்பாத்துக்குள் காற்று. இறக்கைத் துண்டைப் பிடித்தபடி மெஷினுக்கு முன்னால் நின்று இதை யோசித்தேன். அன்றைக்கு ஒரு துண்டில் ஓட்டை பிழையான இடத்தில் விழுந்தது.

கோபம் இவ்வளவு நேர்த்தியாக இருக்க, என் பயம் மட்டும் கோமாளியாக இருந்தது. விறைத்த விரல் எப்படியிருக்கும் என்று போனில் படம் தேடினேன். கறுத்து ஊதிப்போயிருந்த அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் கத்தரிக்காய்க் கறி சாப்பிட முடியவில்லை. லத்வியாவின் வெப்பநிலையை மொன்றியலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பல நாளும் எங்கள் குளிர்தான் கூட. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. நான் என்ன, மொன்றியல் பனிக்குள் ராத்திரி முழுக்கப் படுத்தா பார்த்தேன்? ஒருநாள் காலை, விரலுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்று, வெறுங்காலோடு பால்கனிப் பனியில் ஏறி நின்றேன். எதிர் பால்கனியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கிழவி "சா வா, முசியூ?" என்று கேட்டாள். சுகம் என்றேன். அவள் நம்பவில்லை. உள்ளே வந்தபோது மனுசி நிற்கிறா.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?"

"பரிசோதனை. பிள்ளை போற குளிர் எப்பிடியெண்டு."

"உங்கட காலை விறைக்க வைச்சா அவளின்ர கால் சூடாகுமே?"

மனுசி எண்ணெய் சூடாக்கி, திட்டித் திட்டி என் காலில் தேய்த்தா. அந்தச் சூட்டில்தான், போன முறை மகளின் விரல்கள் விறைத்த கதையையும் நான் சொல்லிவிட்டேன். திட்டு பாதியில் நின்றுவிட்டது. தேய்ப்பு நிற்கவில்லை.

அண்ணையிடம் சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீ வாங்கிக் குடன்ரா. பிள்ளை வெளிநாடு போகேக்க நாங்கள் சாமான் கட்டி விடுறேல்லையே?"

ஓம்! எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வேலை. ஒருத்தர் பயணம் என்றால் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கட்டி விடுவோம். மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, அரிசிமா, நல்ல ஒரு குளிர்ச்சட்டை. அந்த நாட்டில் கடை கிடையாது என்ற நினைப்பில்தான் பெட்டி நிறையும். மனுசி அன்றைக்கே வடைக்கு மாக் குழைத்தா. நான் வேட்டைக்காரர் சாமான் வாங்குகிற ஒரு கடைக்குப் போனேன். பெண்களுக்கான அஞ்சாம் நம்பர் அங்கே இருந்தது. தட்டு நிறைய இருந்தது! கடுங்குளிருக்கென்றே செய்தது, மண்ணிறம், கழுத்தைச் சுற்றி மயிர் வைத்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கும்போது மனுசி பெருவிரலால் முன்பக்கத்தை அமத்தி, "விரல் முட்டுதோ?" என்று கேட்பா. நானும் அந்த வெறும் சப்பாத்தின் மூக்கை அமத்திப் பார்த்தேன். உள்ளே காற்றுத்தான் இருந்தது.

"என்ன வேட்டைக்கு?" என்று கடைக்காரப் பெடியன் பிரெஞ்சில் கேட்டான்.

"இன்னும் முடிவெடுக்கேல்லை. ஒட்டாவாப் பக்கம் போகலாம்" என்றேன்.

பாராளுமன்றம் இருக்கிற ஊரில் எனக்கு என்ன வேட்டை என்று அவனுக்கு விளங்கவில்லை. நல்லதுதான்.

அடுத்த ஞாயிறு, மகளுக்குச் சொல்லாமல், சப்பாத்துப் பெட்டியையும் வடையையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குக் கார் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகவேண்டும். வழி முழுக்க அமைச்சருக்கு என்ன சொல்வேன் என்று பாடமாக்கிக்கொண்டு போனேன். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். கெட்ட வார்த்தைகளுக்குத் தமிழ்தான் வசதியாக இருந்தது. அமைச்சர் என் காரின் பின்சீட்டில் இருந்திருந்தால் அழுதிருப்பார்.

பிறகு வளைவில் திரும்பினேன். தடுப்புக் கம்பம், சின்னக் காவல்கூடு, பச்சை உடுப்பு.

இதை எப்படிச் சொல்வது? என் தலைக்குத் தெரியும், இது கனடா, உள்ளே இருப்பது என் மகள் என்று. என் காலுக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் சென்றி என்கிற இராணுவக் காவலரணுக்கு நல்ல தூரத்திலேயே சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். ஏறியபடி போனால் என்ன நடக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்த கால் இது. அது பிரேக்கை மிதித்தது. நடுறோட்டில் காரை நிற்பாட்டிவிட்டு இறங்கினேன். எஞ்சின் ஓடுகிறது, கதவு திறந்திருக்கிறது. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தேன். வலது கையில், அடையாள அட்டைக்குப் பதிலாக, கியூபெக் மருத்துவ அட்டையை உயரப் பிடித்திருக்கிறேன். இடது கையில் ஒரு பெட்டி. அந்தக் குளிரில், தாடி வைத்த ஒரு மாநிற மனிதன், காரைக் கைவிட்டுவிட்டுப் பெட்டியோடு இராணுவ முகாமை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வருகிறான்.

அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானே என்னைச் சுட்டிருப்பேன்.

காவலில் நின்ற பெடியன் பிரெஞ்சில் கத்தினான். நில் என்கிறானா, வா என்கிறானா? இத்தனை வருசம் படித்த பிரெஞ்சு முழுவதும் ஓடிவிட்டது. என் வாயில் வந்தது: "பொன்ஜூர், மாத்தயா!" ஊர்ச் சென்றியில் சிங்களச் சிப்பாயைக் கூப்பிட்ட அந்தச் சொல், அப்பழுக்கில்லாமல், முப்பது வருசம் பெட்டிக்குள் இருந்தது மாதிரி மடிப்போடு வந்து விழுந்தது.

பெட்டியைப் பனியில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். தள்ளி நிற்கச் சொன்னார்கள். சொன்னதைவிட இரண்டு மடங்கு தள்ளி நின்றேன். அவர்கள் என்னை அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் நடுக்கமாக இருந்தது. கடைசியில் அந்தப் பெடியன் பெட்டியைத் திறந்தான். மயிர் வைத்த சப்பாத்து. அதன் மேல் வடைப் பொதி. யாருக்கு என்று கேட்டான். மகளுக்கு என்று சொல்லுமளவுக்குப் பிரெஞ்சு திரும்பியிருந்தது. அவன் சப்பாத்தைத் திருப்பி, அடியிலிருந்த அளவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அவளுக்குமா?" என்று கேட்டான்.

அந்த 'உம்' என்னைச் சுட்டது. அப்படியென்றால் எத்தனை பிள்ளைகள்?

மகள் ஓடி வந்தாள். முகம் சிவந்திருந்தது, குளிராலா வெட்கத்தாலா தெரியவில்லை. காவல்காரப் பெடியனோடு ஏதோ கதைத்துச் சிரித்துவிட்டு, என்னைக் காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, ஏன் இறங்கி நடந்து வந்தனீங்கள்?"

"பழக்கம்."

"இது உங்கட ஊர் ஆமி இல்லை அப்பா."

"எந்த ஆமியெண்டாலும் கால் கால்தானே பிள்ளை. போட்டுப் பார்."

அவள் சப்பாத்தைக் கையிலெடுத்து மயிரைத் தடவினாள். போடவில்லை.

"இதைப் போட ஏலாது. அவை தாறதைத்தான் போடவேணும். வேற சப்பாத்தோட கால் பழுதாப் போனா, பேந்து பிழை என்ர தலையில வரும். வைத்தியச் செலவு, உதவிக்காசு எல்லாத்துக்கும் கேள்வி கேப்பினம்."

"அவை தரேல்லையே!"

"தந்தவை. ஏழாம் நம்பர். அங்கையிருந்து திரும்பி வந்த ஒருத்தி பண்டகசாலையில திருப்பிக் குடுத்தது. ரெண்டு சொக்ஸ் போட்டா இறுகும்."

"போன முறையும் பெரிசு போட்டுத்தானே விறைச்சது?"

"அப்பா." அவள் என் கையைப் பிடித்தாள். "எல்லாரும் அப்பிடித்தான் சமாளிக்கிறம். எனக்குப் போகவேணும். நான் போகாட்டி, அங்கை ஒருத்தனுக்கு ஒண்டு நடந்தா ஆர் கட்டுப் போடுறது?"

பாராளுமன்றத்துக்குப் பாடமாக்கின பேச்சு முழுவதும் என் வாயில் இருந்தது. இவளிடம் அதைச் சொல்லி என்ன? சட்டத்தில் ஓட்டை, அடைப்பது இந்தப் பிள்ளைகளின் சொக்ஸ். அது பத்திரமாக அடைபட்டுவிடும் என்று தெரிந்துதான் அவர்கள் ஆற அமரக் கையெழுத்து வைக்கிறார்கள். அவள் வடையை எடுத்துக்கொண்டு போனாள். வடைக்கு ஒரு தடையும் இல்லையாம். காவல்கூட்டிலேயே பாதி முடிந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

தை மாசம் போனாள். வேட்டைச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. மனுசி அதைப் போட்டுக்கொண்டு வாசலில் ஸ்னோ அள்ளினா. மான் சுடப் போகிறவ மாதிரி அவ இறங்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கோபம் புதிதாக வரும். போன் எடுக்கும்போதெல்லாம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். அவள் ஒரே பதில்தான் சொல்வாள்: "கால் சுகம் அப்பா. சத்தம் போடாதேங்கோ, பக்கத்தில ஆக்கள் நிக்கினம்."

வசந்தத்தில் அடுத்த வருசத்துக்கான காசு. தொலைக்காட்சியில் தொகை இன்னும் பெரிது. சாப்பாட்டு அறையில் கை தட்டல்.

"என்ன தம்பி, கை சுளுக்கே?" என்றார் அண்ணை.

"அந்தக் காசில சப்பாத்து எந்தப் பக்கத்தில கிடக்குதெண்டு பாக்கிறன் அண்ணை."

அவர் தட்டுவதை நிற்பாட்டினார். மற்றவர்கள் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்; அவர்களுக்கு வாடகை இருக்கிறது.

ஆடி மாசம் விடுமுறையில் வீட்டுக்கு வந்தாள். கறுத்து, மெலிந்து, சிரித்துக்கொண்டு. மனுசி நண்டுக்கறி வைத்திருந்தா. வெக்கையில் எல்லா யன்னலும் திறந்திருந்தது. சாப்பிட்ட பிறகு பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்தாள்.

"அப்பா, சத்தம் போடக்கூடாது. சப்பாத்து வந்தது."

அஞ்சாம் நம்பர். கடுங்குளிர்ச் சப்பாத்து. தாளும் பிரிக்காமல், புது ரப்பர் மணத்தோடு.

"எப்ப வந்தது?"

"வைகாசி."

"பனி?"

"அது பங்குனியோட போயிட்டுது."

நான் சத்தம் போடவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள் என்பதால் மட்டும்.

"திங்கக்கிழமை பண்டகசாலையில திருப்பிக் குடுக்கவேணும். அடுத்ததாப் போறவளுக்கும் என்ர கால் அளவுதான். அவளுக்கு இருக்கும்" என்றாள். அதில் அவளுக்கு உண்மையாகவே சந்தோசம். எனக்கு அந்தச் சந்தோசத்தைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு நல்ல பிள்ளைகளாக இல்லாவிட்டால், அந்த மண்டபத்தில் ஒருவருக்கு என்றாலும் வெட்கம் வந்திருக்கும்.

"ஒருக்காப் போட்டுக் காட்டு" என்றேன்.

எங்கள் வீட்டில் சப்பாத்தோடு ஒருத்தரும் வாசற்படி தாண்டியதில்லை. கரண்ட் பார்க்க வருகிறவனைக்கூடக் கழற்ற வைப்பவ மனுசி. சாமித்தட்டு இருக்கிற வீடு. மகள் தாயைப் பார்த்தாள். மனுசி ஒன்றும் சொல்லவில்லை. மகள் கதிரையில் இருந்து இரண்டு காலையும் நுழைத்துக் கயிறு கட்டி எழும்பி, ஆடி வெக்கையில், குசினிக்குள் சாமித்தட்டு வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தாள்.

மனுசி சீலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினா. வலது சப்பாத்தின் மூக்கைப் பெருவிரலால் அமத்தினா.

"விரல் முட்டுதோ?"

மகள் கீழே குனிந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியேல்லை அம்மா" என்றாள்.